மாதவிலக்கு நின்ற பின் அடியில் காந்தலும் வறட்சியும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கடைசியாக மாதவிலக்கு வந்து 12 மாதம் ஆகிவிட்டால் அது மெனோபாஸ். நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி வருகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் யோனியின் உட்சுவர் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, ஈரம் வற்றுகிறது. அங்கே குடியிருந்த நல்ல பாக்டீரியாவுக்கு இரை கிடைப்பதில்லை. அதனால் முன்பு 3.8 முதல் 4.5 வரை இருந்த பிஎச் அளவு (இது ஏறினால் அமிலத்தன்மை குறைகிறது என்று பொருள்) 5-க்கு மேல் போய்விடுகிறது. அமிலத்தன்மை போனதும் கிருமிகளுக்கு வழி திறக்கிறது. சிறுநீர்த் துவாரமும் இதே ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பதால் சிறுநீர்த் தொந்தரவும் சேர்ந்தே வருகிறது. உடல் வெப்பம் பொங்கி வியர்ப்பது சில வருடங்களில் தானாக அடங்கும். இந்த வறட்சியோ, கவனிக்காமல் விட்டால் வருடம் போகப் போகக் கூடும்.

'வயசானா இப்படித்தானுங்க' என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. ஆனால் வறட்சி, பூஞ்சை, தோல் நோய், பேட் உரசிய புண், சிறுநீர்த் தொற்று எல்லாமே வெளியில் 'எரியுது, அரிக்குது' என்றுதான் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு பூசுவதால்தான் பாதிப் பேருக்குத் தொந்தரவு இழுத்துக்கொண்டே போகிறது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். 'மறுபடி தீட்டு வந்துடுச்சு' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வறட்சியால் உரசி வந்த ரத்தமாக இருக்கலாம், கர்ப்பப்பை உட்சுவர் தடித்ததாலும் இருக்கலாம். முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், தடிப்பு, கட்டி, வெளுத்துப் போன தோல், ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல், காய்ச்சல் குளிரோடு இடுப்பு வலி, இவை இருந்தாலும் ஜெல் வாங்கி நாள் கடத்தாதீர்கள்.

எந்தத் தொந்தரவாக இருந்தாலும் முதல் 2 வாரம்

அங்கே பூசுவது, கழுவுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சோப்பு, டெட்டால், வாசனை வாஷ், பவுடர், மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர், படிகாரம், கடையில் சொல்லி வாங்கிய களிம்பு, எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்து நடப்பில் இருக்கும் மருந்து மட்டும் தொடரட்டும். எரிச்சலில் பெரும்பங்கு இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றால்தான் வந்திருக்கும். ஈரோட்டு மஞ்சள் முகத்துக்கு எவ்வளவு நல்லதானாலும் மெலிந்து சிவந்த தோலில் அது இன்னும் காந்தும்.

கழுவ வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே விரல் விட்டோ குழாயைப் பீய்ச்சியோ கழுவக் கூடாது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காது, தோலில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். குடிக்கப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்துக் கடைசியாக அதில் அலசிக்கொள்ளுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

உள்ளாடைக்கும் இதே கதைதான். உப்புத் தண்ணீரில் சோப்புத்தூள் முழுக்கப் போகாது. இன்னும் இரண்டு தடவை கூடுதலாக அலசுங்கள், வாசனை கண்டிஷனரை விடுங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் பருத்தி உள்ளாடை போடுங்கள். பனியன் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் வாங்கும்போது கவட்டைப் பகுதியில் வைத்துத் தைத்த துணி பருத்திதானா என்று உள்புறம் திருப்பிப் பாருங்கள். மேலே பருத்தியும் அங்கே பாலியெஸ்டருமாக வருவது உண்டு. இரவில் உள்ளாடை இல்லாமல் தொளதொளப்பான பாவாடையோ நைட்டியோ போட்டுத் தூங்கலாம்.

காந்தல் அதிகமாக இருந்தால் அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். தண்ணீரில் எதையும் கலக்க வேண்டாம். ஒற்றி எடுத்ததும் வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை வெளித்தோலில் மெல்லியதாகப் பூசலாம். உள்ளே போடக் கூடாது.

இந்த இரண்டு வாரத்திலேயே முக்கால்வாசி குறைந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. நிறுத்தியவற்றை மறுபடி எடுக்காதீர்கள். குறையாவிட்டால் கீழே உங்கள் தொந்தரவு எதுவோ அதைப் பாருங்கள்.

'சும்மா உக்காந்திருக்கும்போதே வறவறன்னு இருக்குதுங்க'

உடலுறவு இல்லாத நாளிலும் வறட்சி, இழுப்பு, நடந்தால் உரசல் என்றால் லூப்ரிகண்ட் ஜெல் வாங்கிப் பயனில்லை. அது அந்த நேரத்து உரசலைக் குறைப்பது மட்டும்தான். உங்களுக்கு வேண்டியது யோனி மாய்ஸ்சரைசர். அது சுவரில் ஒட்டி நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஹயலுரானிக் ஆசிட் அல்லது பாலிகார்போஃபில் என்று அட்டையில் இருக்கும். வாரம் 2 அல்லது 3 தடவை, படுக்கப் போகும் முன் உள்ளே வைக்க வேண்டும். முகத்துக்குப் போடும் மாய்ஸ்சரைசரை அங்கே போடாதீர்கள்.

முதல் வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு மூன்று மாதம் விடாமல் போட்டால்தான் முழுப் பலன். 'ஒரு டியூப் தீர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை' என்று விடுகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் விட்டு விட்டுப் போட்டவர்கள்.

ஒழுங்காகப் போட்டும் போதவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் கிரீம்தான் அடுத்த படி. அதைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

'ஜெல் போட்டதும் தீயாட்டம் எரியுதுங்க'

இதற்கு இரண்டு காரணம். தோலில் ஏற்கெனவே விரிசல் இருக்கலாம், அப்படியானால் வெறும் தண்ணீர் பட்டாலே எரியும். இரண்டு வாரம் ஆற விட்டு மறுபடி பாருங்கள். தோல் நன்றாக இருந்தும் எரிந்தால் குறை ஜெல்லில்தான் இருக்கிறது.

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக் கிடக்கும் இல்லையா, கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் அதிகமுள்ள ஜெல் யோனிச் சுவரின் செல்களை அப்படித்தான் செய்யும். செல்லிலிருந்து நீரை உறிஞ்சும். போட்ட நேரத்தில் வழுவழுவென்று இருக்கும், மறுநாள் மேல்தோல் உதிர்ந்து முன்னைவிட அதிகமாக எரியும். இந்த உறிஞ்சும் திறனை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவில் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட குறிப்பின்படி ஒரு கிலோவுக்கு 380 மில்லிஆஸ்மோலுக்குள் இருப்பது நல்லது, எப்படியும் 1200-ஐத் தாண்டக் கூடாது. பிஎச் 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சில ஜெல்கள் இந்த 1200-ஐப் பல மடங்கு தாண்டும்.

பெரும்பாலான அட்டைகளில் இந்த எண்ணை அச்சடிப்பதில்லை. அதனால் சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்த பெயரே கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைகால் என்றால் திருப்பி வைத்துவிடுங்கள். தண்ணீருக்கு அடுத்து ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் போன்ற செல்லுலோஸ் வகை வந்தால் நம்பிக்கையோடு பார்க்கலாம். லாக்டிக் ஆசிட் இருந்தால் பிஎச் அளவை நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். குளோர்ஹெக்சிடின் இருந்தால் வேண்டாம், அது நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். ஸ்ட்ராபெரி, சாக்லேட் மணம், 'சூடு தரும்', 'குளிர்ச்சி தரும்' வகைகள் எதுவும் இந்த வயதுத் தோலுக்கு ஆகாது.

புதிதாக எது வாங்கினாலும் முதல் நாளே உள்ளே போடாதீர்கள். ஒரு சொட்டை வெளி உதட்டின் ஓரத்தில் வைத்து 24 மணி நேரம் பாருங்கள். சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் மேற்கொண்டு போகலாம்.

மெடிக்கலில் வெறுமனே 'ஜெல்லி' என்று கேட்காதீர்கள். லிக்னோகெய்ன் ஜெல்லியை எடுத்துக் கொடுத்துவிடுவது உண்டு. அது மரத்துப் போகச் செய்யும் மருந்து. போட்டால் வலி தெரியாது, கிழிந்தாலும் தெரியாது. ஸ்கேன் சென்டரில் வயிற்றில் தடவும் ஜெல்லும் இதற்கு ஆகாது. 'வாட்டர் பேஸ்டு லூப்ரிகண்ட், வாசனை இல்லாதது' என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். அநேகமாக ஆணுறை இருக்கும் அலமாரியில்தான் இருக்கும். கோபியிலோ தாராபுரத்திலோ தெரிந்தவர் கடையாக இருந்து கூச்சமாக இருந்தால் ஈரோடு, கோவை போகிற அன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் போட்டால் மூடிய பெட்டியில் வரும், படத்தைப் பெரிதாக்கிச் சேர்மானத்தை நிதானமாக வாசிக்கவும் முடியும்.

'மொதல்ல நல்லாருக்குது, நடுவுல வறண்டு பிசுபிசுங்குது'

நீர் சார்ந்த ஜெல்லில் உள்ள தண்ணீர் ஆவியாகிவிட்டால் மிச்சம் பசைபோல நிற்கும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் ஃபேன் காற்றில் இன்னும் சீக்கிரம். மேலும் மேலும் ஜெல்லைக் கொட்டாமல், விரலில் சில சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் மறுபடி வழுக்கும்.

அளவிலும் பலர் குறைத்துவிடுகிறார்கள். ஒரு பொட்டு அளவு தொட்டு வாசலில் மட்டும் வைத்தால் எங்கே போதும்? அரை டீஸ்பூன் எடுத்து வாசலிலும் உள் உதடுகளிலும் விரலால் கொஞ்சம் உள்ளேயும், இன்னொரு அரை டீஸ்பூனைக் கணவருக்கும் பூச வேண்டும். டியூப் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குறைந்தால் நிறுத்தி மறுபடி பூசுங்கள்.

இதற்கும் வறண்டால் சிலிக்கான் வகைக்கு மாறுங்கள். அட்டையில் டைமெத்திகோன் என்று முதலில் இருக்கும். தண்ணீரே இல்லாததால் வற்றாது, நீரை உறிஞ்சுவதும் இல்லை. அடிக்கடி எரிகிற தோலுக்கு முதலிலேயே இதைத்தான் சொல்வோம். சில சொட்டு போதும், ஆணுறையையும் கெடுக்காது. விலை கூடுதல், பாயில் போர்வையில் கறை போகாது, பாத்ரூம் தரையில் சிந்தினால் வழுக்கி விழ வைக்கும். பழைய துண்டு ஒன்றை அடியில் விரித்துக்கொள்ளுங்கள்.

'தேங்காயெண்ணெ வெச்சா ஆகாதுங்களா?'

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லாததால் இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. வெளித்தோலில் பூச ஆகும். சுத்தமான, புதிதாக ஆட்டிய எண்ணெயாக இருக்க வேண்டும். சமையலறைப் பாத்திரத்தில் கை விட்டு எடுக்காமல் தனிச் சிறு பாட்டிலில் ஊற்றி வைத்து அதிலிருந்து எடுங்கள். மணம் சேர்த்த எண்ணெய், கரிசலாங்கண்ணி, மருதாணி போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெய், இவை அந்த இடத்துக்கு வேண்டாம். விளக்கெண்ணெய் பிசுக்காக ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

உள்ளே ஊற்றுவது வேறு விஷயம். எண்ணெய் உள்ளே தங்கும், எளிதில் கழுவிப் போகாது. பூஞ்சை அடிக்கடி வருகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் உள்ளே எண்ணெய் விடுவதைத் தவிர்ப்பது நல்லது. தொந்தரவு இல்லாமல் பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆணுறை போடுகிறவர்கள் மட்டும் எந்த எண்ணெயையும், பெட்ரோலியம் ஜெல்லியையும் பக்கத்தில் கொண்டு வரக் கூடாது. லேடெக்ஸ் ரப்பர் எண்ணெய் பட்ட சில நிமிடங்களில் வலு இழந்து கிழியும். யோனிக்குள் வைக்கும் சில பூஞ்சை மருந்துகளும் எண்ணெய்ப் பசையில் செய்தவை, ரப்பரைக் கெடுக்கும். 'இனிமேல் கரு எங்கே நிற்கப் போகிறது' என்று நினைக்கிற காலமும் இதுதான். ஆனால் 50 வயதுக்கு மேல் மாதவிலக்கு நின்றிருந்தால் 1 வருடம், 50-க்கு முன்பே நின்றிருந்தால் 2 வருடம் கருத்தடை தேவை.

'உள்ள போகும்போதே கிழியற மாதிரி வலி'

வாசலின் கீழ் ஓரத்தில், மலவாய்ப் பக்கம், கத்தியால் கீறியது போன்ற சிறு வெடிப்பு வரும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். ஆறினாலும் அடுத்த தடவை அதே இடத்தில் விடும். அது முழுக்க ஆறும் வரை உள்ளே நுழைவதை நிறுத்தி வைக்க வேண்டும். மெலிந்த தோலை ஜெல் மட்டும் காப்பாற்றாது, இங்கே ஈஸ்ட்ரோஜன் கிரீம்தான் வேலை செய்யும்.

வலியை எதிர்பார்த்து இடுப்படித் தசை தானாக இறுகிக்கொள்வதும் உண்டு. அப்போது ஜெல் எவ்வளவு போட்டாலும் சுவரில் இடிப்பது போலிருக்கும். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை யாராவது சொல்லியிருந்தால் இந்த நிலையில் அதைச் செய்யாதீர்கள். இங்கே தேவைப்படுவது தளர்த்தும் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, அடிவயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, மெதுவாக விடும்போது மலவாயைத் தளர விடுங்கள். தினம் 5 நிமிடம். கோவையில் இடுப்படித் தசைக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

முன்பைவிட உடம்பு தயாராக நேரம் பிடிக்கும், இது கணவருக்கும் தெரிய வேண்டும். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியும் இதைப் பேசாத வீடுகள் நிறைய. பேச்சு இவ்வளவு இருந்தால் போதும்:

"ஏனுங்க, முன்னமாதிரி அவசரப்பட்டா எனக்கு எரியுதுங்க. இதைப் பூசிட்டு மெதுவாப் போலாமுங்க."

"செரி அம்மிணி, எது வாங்கோணும்னு சீட்டுல எழுதிக் குடு."

ஆசை விட்டுப்போச்சு என்று அவர் தவறாக எடுத்துக்கொள்வதும், அவர் மனம் நோகுமே என்று இவர் பல்லைக் கடித்துக்கொள்வதும் இதனால் நிற்கும். வலியோடு சேர்ந்தால் தசை இன்னும் இறுகத்தான் பழகும். வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வலி வாசலில் இல்லாமல் ஆழத்தில், அடிவயிற்றில் இருந்தால் ஜெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் பார்க்க வேண்டியது.

'ராத்திரியானா அரிப்புத் தாங்க முடியலீங்க'

அரிப்புக்கு வறட்சி மட்டும் காரணமாக இருப்பது குறைவு, இடத்தைப் பாருங்கள்.

தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து இருந்தால் படர்தாமரை. இதற்குக் கடையில் கொடுக்கும் மூன்று நான்கு மருந்து கலந்த களிம்பில் அனேகமாக ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் பரவும், தோலும் மெலியும். பட்டியலில் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

தயிர்த் திப்பிபோல வெள்ளைப்பட்டு, சிவந்து அரித்தால் பூஞ்சை. மாதவிலக்கு நின்று, ஹார்மோன் எடுக்காத பெண்ணுக்குப் பூஞ்சை எளிதில் வராது. வந்தால், அதுவும் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். வெறும் வயிற்று ரத்தத்தோடு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் எடுங்கள். 'உடம்புச் சூடுங்க' என்று மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அடியில் சர்க்கரை ஏறிக்கொண்டிருப்பது தெரியாமல் போகும். ஏற்கெனவே சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்தச் சிறுநீர் பட்ட இடத்தில் பூஞ்சை வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பின்னும் தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுப்பதே இவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தரும்.

இருமினால், தும்மினால் சொட்டுச் சிறுநீர் விழுவதற்காக நாள் முழுக்க பேட் வைத்திருப்பவர்களுக்கு, பேட் படும் இடம் அச்சாகச் சிவந்து அரிக்கும். இது ஈரமும் பிளாஸ்டிக்கும் செய்யும் வேலை. பருத்தித் துணியை மடித்து வைத்து 3, 4 மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள், வெளித்தோலில் ஜிங்க் ஆக்சைடு களிம்பு பூசுங்கள். தறியிலும் கம்பெனியிலும் இடைவேளை கிடைக்காமல் ஒரே பேடை எட்டு மணி நேரம் வைத்திருப்பது பழக்கமாகிவிட்டது. பையில் இரண்டு மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். சிறுநீர் சொட்டுவதற்கே பயிற்சியும் வைத்தியமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

இரவில் தூக்கம் கெடும் அளவு அரித்து, தோல் வெளுத்து, சிகரெட் தாள்போலச் சுருங்கி, உள் உதடு தேய்ந்து மறைந்துகொண்டே வந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். பல வருடம் பூஞ்சை மருந்தே பூசிக் காலம் கழிப்பது பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது. இங்கே மட்டும் வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான் சரியான மருந்து, தோல் டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை. சிறு பங்கினருக்கு இது புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் கட்டுப்பட்ட பின்னும் வருடம் ஒரு தடவை காட்ட வேண்டும்.

'மீன் நாத்தம் அடிக்குது'

அரிப்பு குறைவு, சாம்பல் நிறத்தில் தண்ணீராக வெள்ளைப்படுதல், உடலுறவுக்குப் பின் நாற்றம் அதிகம் என்றால் பாக்டீரியா மாறியிருக்கிறது. வாசனை வாஷ் போட்டுக் கழுவக் கழுவ அதிகமாகும். டாக்டர் தரும் மாத்திரையில் ஒரு வாரத்தில் சரியாகும். மஞ்சள், பச்சை நிறத்தில் நுரைத்துப் பட்டால் கணவருக்கும் சேர்த்து வைத்தியம் தேவைப்படலாம்.

'ஒண்ணுக்குப் போனா எரியுது'

எப்போது எரிகிறது என்பதைக் கவனித்தால் பாதி புரிந்துவிடும். சிறுநீர் வெளியே வந்து தோலில் பட்டதும் எரிந்தால் தோல் புண்பட்டிருக்கிறது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்துப் பாருங்கள், அப்போது எரியவில்லை என்றால் அதுதான். வெளித்தோலுக்கு மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

உள்ளேயே எரிந்து, அடிக்கடி முட்டி, சொட்டுச் சொட்டாக வந்தால் சிறுநீர்த் தொற்று. எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்து ஆரம்பியுங்கள். எரிச்சல் தணிக்கும் சிரப் எரிச்சலை மட்டும்தான் தணிக்கும், கிருமி அப்படியே இருக்கும். 6 மாதத்தில் 2 தடவையோ வருடத்தில் 3 தடவையோ தொற்று வந்தால் ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்காமல், யோனி ஈஸ்ட்ரோஜன் பற்றி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். தொற்று திரும்புவதை அது நன்றாகக் குறைக்கும்.

ஈஸ்ட்ரோஜன் கிரீம்: எப்படி வைப்பது, எங்கே தவறுகிறது

இது டாக்டர் சீட்டில் வாங்குவது. கிராமுக்கு 1 மி.கி. எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) உள்ள கிரீம் என்றால் வழக்கமாக ஒரு தடவைக்கு அரை கிராம், 2, 3 வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் 2 நாள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். கூட வரும் குழாயில் அளவுக் கோடு இருக்கும். உங்கள் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குழாயை முதுகுப் பக்கம் சாய்த்து மெதுவாகத் தள்ளுங்கள். கொஞ்சத்தை விரலால் வாசலிலும் கீழ் ஓரத்திலும் பூசுங்கள், வெடிப்பு அங்கேதான் விடுகிறது. வைத்துவிட்டு நடமாடாமல் படுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வழிந்துவிடும். குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள்.

முதல் சில நாள் லேசாக எரியலாம், மெலிந்த தோலில் அது இயல்பு. 2, 3 வாரத்தில் மாற்றம் தெரியும், முழுப் பலனுக்கு 8 முதல் 12 வாரம். சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி வரும், அதனால் வாரம் 2 நாள் என்பது தொடர வேண்டியது. உடலுறவுக்கு முன் ஜெல்லாக இதைப் பூசக் கூடாது, கணவரின் தோலில் மருந்து ஏறும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய், ரத்தக் கட்டி என்று வாசித்துவிட்டுப் பயந்து பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கைகள் வாய்வழி ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களை வைத்து, 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு எழுதப்பட்டவை. இந்தக் குறைந்த அளவு கிரீமிலிருந்து ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், முக்கியமாக லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் மாத்திரையில் இருப்பவர்கள், புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு மாய்ஸ்சரைசரும் சிலிக்கான் ஜெல்லும் தயங்காமல் ஆகும்.

டாக்டரிடம் போகும்போது

போட்ட களிம்பு, ஜெல், வாஷ் எல்லாவற்றின் டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் வேண்டும், சளி அலர்ஜி மாத்திரைகூட ஈரத்தை வற்றச் செய்யும். 'வெள்ளைப்படுது' என்று பொதுவாகச் சொன்னால் பூஞ்சை மருந்து மட்டும் கிடைக்கும். 'மாசம் நின்னு இத்தனை வருசமாச்சுங்க, உள்ள வறண்டு காந்துது, சேரும்போது வலிக்குது' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் சீட்டுப் போடும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். வறட்சியால் வலிக்கும் என்று பயந்து அதைத் தள்ளிப் போடாதீர்கள். உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியில் சின்ன அளவு உண்டு. 'எனக்கு வறட்சி இருக்குதுங்க, சின்னதா வெச்சுப் பாருங்க' என்று படுக்கும் முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.